கூடத்துக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு கதவு

கட்டபெட்டு வாசகர், 11 ஜூன் 2023

நீலகிரியில் கட்டபெட்டுக்குப் பக்கத்தில் 1,100 சதுர அடியில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த பொறியாளர் கூடம், சாப்பிடும் இடம், சமையலறை மூன்றையும் நடுவில் சுவரே இல்லாமல் ஒன்றாக வரைந்து கொடுத்திருக்கிறார். எனக்கும் மனைவிக்கும் பிடித்திருக்கிறது, மாமியாருக்குப் பிடிக்கவில்லை. தனிச் சமையலறை என்பது சமைப்பவரைக் கண்ணில் படாமல் வைத்திருந்த காலத்தின் மிச்சம் என்பது என் கருத்து. தவிரவும், நம்முடைய குளிரில் அடுப்பின் சூடு வீடு முழுவதும் பரவினால் லாபம்தானே? சுவர் வேண்டும் என்பவர்கள் வழக்கத்தைச் சொல்லாமல் காரணத்தைச் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து, 11 ஜூன் 2023, இரவு

நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு காரணங்களையும் ஏறக்குறைய இதே சொற்களில் 2016-ஆம் ஆண்டு என் வீட்டில் சொல்லிவிட்டு, 1988-இல் என் அப்பா கட்டிய சமையலறைச் சுவரை இடித்தேன். அது ஒன்பது அங்குலச் செங்கற்சுவர். கூரையின் பாதிப் பாரம் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது இடிக்கத் தொடங்கிய பிறகே கொத்தனாருக்குத் தெரிந்தது. அவசரமாக ஓர் இரும்பு கர்டர் வாங்கி மேலே கொடுத்த செலவில் பின்பக்கம் இன்னொரு சிறிய அறையே கட்டியிருக்கலாம். 2022 முதல் அதே வீட்டில் மறுபடியும் ஒரு தடுப்பு இருக்கிறது. ஆனால் அது பழைய இடத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் சூடு. எங்கள் பழைய சமையலறை பத்துக்கு எட்டு அடி, உயரம் ஒன்பது அடி. ஆக உள்ளே இருந்த காற்று 720 கன அடி. சுவரை எடுத்த பிறகு எல்லாம் சேர்ந்து முப்பதுக்குப் பதினாறு, அதே உயரம். 4,320 கன அடி. அதே இரண்டு பர்னர் அடுப்பு இப்போது ஆறு மடங்குக் காற்றைச் சூடாக்க வேண்டும். சூடான காற்று மேலே போகும். எங்கள் பலகை சீலிங்குக்கு மேலே இருப்பது தகரக் கூரை. பரவிய சூட்டை வீட்டில் எவரும் உணர்ந்ததாக எனக்கு நினைவில்லை. முன்பு காலை ஆறு மணிக்கு வீட்டிலேயே கதகதப்பாக இருந்த ஒரே இடம் காணாமல் போனது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா உயிரோடு இருந்தவரை மார்கழிக் காலைகளில் சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்துதான் தலை வாரிக்கொள்வார். இடித்த பிறகு அந்த முக்காலியை எங்கே போட்டாலும் அவருக்குக் குளிர்ந்தது.

12 ஜூன், காலை

நேற்று எழுதியதை என் மனைவி படித்துவிட்டு, "நீங்கள் என்றைக்கு அடுப்பு முன்னால் நின்றீர்கள், சூடு போயிற்று என்று எழுதுவதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் சொன்னதை அப்படியே பதிவு செய்கிறேன்: சுவர் போன முதல் ஆறு மாதம்தான் அந்த வீட்டில் சமைப்பதில் அவருக்கு மிகவும் பிடித்த காலம். இருபத்தெட்டு வருடம் சுவரைப் பார்த்துக்கொண்டு தோசை சுட்டவர், முதல் முறையாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டு சுட்டார். வந்த விருந்தாளிகள் என்ன பேசினார்கள் என்பதை இரவில் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இல்லாமல் போயிற்று. ஆகவே உங்கள் முதல் காரணத்தை நான் மறுக்கவில்லை. மறுத்தால் எனக்கு இன்று காபி கிடைக்காது.

12 ஜூன், மாலை

அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்கிறார். டிசம்பர் வந்தது. மாவு புளிக்கவில்லை.

கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். இங்கே இட்லி மாவு புளிப்பது என்பது வீட்டின் சூட்டை அளக்கும் கருவி. முன்பெல்லாம் இரவு அரைத்த மாவைப் பாத்திரத்தோடு பழைய கம்பளியில் சுற்றி, அடுப்பு அணைந்தும் இளஞ்சூடு மிச்சமிருக்கும் மேடையின் மூலையில் வைத்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் படுப்போம். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எழுந்து நிற்கும். சாத்துவதற்குக் கதவே இல்லாத வீட்டில் இரண்டு நாள் காத்திருந்தும் மாவு வைத்த உயரத்திலேயே கிடந்தது. அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் ரவை உப்புமாவும் சப்பாத்தியும் சாப்பிட்டோம்.

15 ஜூன்

புகையைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அது நீளமான கதை, அதில் நான் கெட்டிக்காரனாகத் தெரிய மாட்டேன்.

எங்கள் கூடத்தில் ஒரு கணப்பு, அதாவது குளிர்காய விறகு எரிக்கும் சுவரடுப்பு, உண்டு. அப்பா எஸ்டேட் பங்களாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிறருடைய கணப்புகளுக்கு விறகு அடுக்கியவர் என்பதால், தன் சொந்த வீட்டில் ஒன்று வேண்டும் என்று பிடிவாதமாக வைத்தார். சீகை விறகு போட்டால் கொஞ்சமும் புகையாமல் நின்று எரியும் அருமையான கணப்பு அது. சுவரை இடித்த பிறகு தாளிப்பு நெடியும் மிளகாய் வறுக்கும் கமறலும் கூடத்துக்கு வரத் தொடங்கியதால், 2018 ஜனவரியில் அடுப்புக்கு மேலே மின்சாரச் சிம்னி ஒன்றைப் பொருத்தினோம். மணிக்கு 1,200 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது. ஒரு வாரத்துக்குள் கணப்பு புகையத் தொடங்கியது. நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருக்கும்போதே புகை மேலே போகாமல் திரும்பி, மேற்பலகையில் கருப்பாக நாக்கு நீட்டிக் கூடத்துக்குள் இறங்கும். புகைக்கூண்டுக்குள் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று நானே முடிவு செய்து, ஆள் வைத்துச் சுத்தம் செய்தேன். கூடு இல்லை. விறகு ஈரம் என்றேன். விறகுக்காரர் கோபித்துக்கொண்டார். கூண்டின் மேல் மூடியை மாற்றினேன். கடைசியில் ஒரு நாள் மாலை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மருமகள், "மாமா, அத்தை சிம்னியைப் போட்டால்தான் இது புகைகிறது" என்றாள்.

கணக்குப் போட்டால் ஐந்து நிமிட வேலை. 4,320 கன அடி என்பது ஏறக்குறைய 122 கன மீட்டர். அட்டைப் பெட்டியில் போட்டிருந்த வேகத்தில் இழுத்தால் ஆறே நிமிடத்தில் வீட்டிலிருந்த காற்று முழுவதும் வெளியே போய்விடும். அவ்வளவு காற்று வெளியே போனால் அதே அளவு எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். குளிருக்காகச் சன்னல்கள் எல்லாவற்றையும் அடைத்து, கதவிடுக்கில் துணி வேறு செருகி வைத்திருந்தோம். திறந்திருந்த ஒரே வழி கணப்பின் கூண்டு. ஆகவே சிம்னி தன் காற்றைக் கணப்பின் வழியாகக் கீழே இழுத்தது, புகையும் சேர்ந்து வந்தது. சமையலறைச் சன்னலை ஒரு சாண் திறந்தால் புகை நின்றுவிடும். திறந்தால் மூடுபனி உள்ளே வரும். கணப்பைக் கூடத்தில் எரித்துக் கிடைத்த சூட்டைச் சிம்னியின் வழியாக வெளியே அனுப்பிவிட்டு, சன்னல் வழியாகக் குளிரை வரவழைக்கும் ஏற்பாட்டுக்கு நாங்கள் மின்சாரக் கட்டணமும் கட்டிக்கொண்டிருந்தோம்.

இது வெறும் தொல்லை மட்டும் அன்று. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்கள் எழுந்திருக்காமல் போவது அதனால்தான். புகை கண்ணைக் கரித்ததால் எங்களுக்குத் தெரிந்தது. தணலாகிவிட்ட கணப்பு புகையாது; ஆனாலும் அந்த வாயு வரும்.

15 ஜூன், சற்றுப் பிறகு

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் குழாயே பொருத்தாமல் அளந்தது போலும். எட்டடிக் குழாயும் இரண்டு வளைவும் வைத்த பிறகு அவ்வளவு இழுக்காது. ஆறு நிமிடம் என்பதைப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை அப்போதும் கீழேதான் வரும்.

16 ஜூன்

வாஸ்து கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். சமையலறை தென்கிழக்கில்தான் இருக்க வேண்டும் என்றால், தென்கிழக்கில் மண் இருக்க வேண்டும். எங்கள் மனையில் அந்தப் பக்கம் நாற்பதடிப் பள்ளமும் பக்கத்து வீட்டுத் தேயிலையும் இருக்கின்றன.

18 ஜூன்

"திறந்த சமையலறை வெள்ளைக்காரன் வழக்கம், தனிச் சமையலறை நம் வழக்கம்" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு பாதியும் சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் 1926-இல் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த புகழ்பெற்ற சமையலறை, ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட தனி அறை. கூடத்துக்கும் அதற்கும் நடுவே பக்கவாட்டில் நகரும் தள்ளு கதவு இருந்தது. அப்படிப்பட்டவை பத்தாயிரம் அளவில் கட்டப்பட்டன. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட் தன் தொடக்ககால வீடுகளில் கூடத்தையும் சாப்பாட்டு அறையையும் ஒன்றாகத் திறந்துவிட்டபோதும், சமையலறையை வேலைக்காரர்களின் பகுதியோடு தனியாகத்தான் வைத்தார். விஸ்கான்சினில் 1937-இல் முடிந்த ஜேக்கப்ஸ் வீட்டில்தான் சமையலிடத்தைச் சாப்பாட்டு மேசைப் பக்கமாகத் திறந்து வைக்கிறார். அங்கேயும் சமையலிடத்தின் கூரையை மட்டும் உயர்த்தி மேலே சன்னல் வைத்தார்; நெடி மேலேறி வெளியே போகும். அந்த வீட்டின் தரைக்கு அடியில் சூடேற்றும் குழாய்களும் ஓடின.

நம்மூர் வரைபடக்காரர்கள் விட்டுவிடுவது இந்தக் குழாயைத்தான். விஸ்கான்சின் குளிர் நம் குளிரைவிடப் பல மடங்கு கொடியது. ஆனால் அங்கே வீடு முழுவதும் சூடேற்றப்பட்டிருப்பதால் சுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இங்கே சூடு என்பது அடுப்பு எரியும் இடத்தில், அது எரியும் நேரத்தில் மட்டும் உண்டு.

"நம் வழக்கம்" என்ற பாதிக்கும் பதில் இருக்கிறது. தோடர்களின் பழைய குடில், பாதி பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற ஒரே அறை. தவழ்ந்து நுழையும் அளவுக்கே வாசல். அடுப்பும் படுக்கையும் உள்ளே ஒன்றாக இருந்தன. நீலகிரியின் முதல் திறந்த அமைப்பு அதுதான், அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். படுகர்களின் ஊர்களான ஹட்டிகளில் ஒரே வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய வீடுகளில் வெளிக்கட்டு, உள்கட்டு என இரண்டு பகுதி. பாலுக்கு மட்டும் ஹாகோட்டு என்று ஒரு தனி அறை, அதற்குள் நுழையக் கட்டுப்பாடுகள் உண்டு. என் நண்பர் ஒருவரின் பாட்டி வீட்டில் நான் சாப்பிட்டது உள்கட்டில், அடுப்பிலிருந்து நான்கு அடி தூரத்தில். சாப்பிடுவதற்கென்று தனி அறை அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

19 ஜூன்

தனிச் சாப்பாட்டு அறை எங்கிருந்து வந்தது என்று நேற்று இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். எனக்குத் தெரிந்தவரை எங்கள் வீட்டுக்குள் அது அப்பாவின் தலையில் ஏறி வந்தது.

அவர் வேலை பார்த்த பங்களாவில் சமையலறையைக் குசினி என்போம். அது பங்களாவோடு ஒட்டியே இருக்காது. நெருப்புப் பயம், புகை, நெடி, வேலைக்காரர்களின் பேச்சு இவை எதுவும் பங்களாவுக்குள் வரக் கூடாது என்பதற்காக இருபது அடி தள்ளித் தனிக் கட்டடமாக இருக்கும். நடுவில் மேலே தகரம் போட்ட ஒரு நடைபாதை, பக்கச் சுவர் கிடையாது. நவம்பர் மழையில் சாரல் குறுக்கே அடிக்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, விருந்து நாட்களில் மூடி போட்ட பாத்திரங்களை அப்பாவோடு எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் ஓடியிருக்கிறேன். முதலில் பேன்ட்ரி என்ற சிறிய அறை, அதில் தகரம் அடித்த ஓர் அலமாரி, அதன் அடித்தட்டில் கரித்தணல். பாத்திரங்களை அதற்குள் வைத்துச் சூடு பிடித்த பிறகே சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோவார்கள். அப்படியும் சூப் ஆறிவிட்டது என்று மணி அடிக்கும். சாப்பாட்டு அறையின் மேசை பதினான்கு பேர் உட்காரும் நீளம். பெரும்பாலான நாட்களில் உட்கார்ந்தவர்கள் இருவர்.

எல்லாம் முடிந்து இரவு பத்து மணிக்கு அப்பாவும் நானும் குசினியில் விறகடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தப் பங்களாவில் சூடாகச் சாப்பிட்டவர்கள் நாங்கள் இருவர்தான். அப்படியிருந்தும் சொந்த வீடு கட்டும்போது அவர் கதவு போட்ட சாப்பாட்டு அறை ஒன்றைத் தனியாகக் கட்டினார். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே, சன்னல் வடக்குப் பார்த்து, வீட்டிலேயே மிகவும் குளிரான அறை அதுதான். நாங்கள் அதில் உருளைக்கிழங்கு மூட்டைகளையும், பிறகு தையல் இயந்திரத்தையும் வைத்தோம்.

20 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்ததில் என் பழைய நிலை எனக்கே தெளிவாகிறது. 2016-இல் நான் இடித்தது இரண்டு சுவர்கள். சாப்பாட்டு அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது ஒன்று. அதைப் பற்றி இன்றுவரை வீட்டில் ஒருவரும் வருத்தப்படவில்லை. சாப்பாட்டு அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்தது இன்னொன்று. இத்தனை நாளாக நான் புலம்புவது எல்லாம் அதைப் பற்றித்தான். 11-ஆம் தேதி ஒரே சுவர் போல எழுதிவிட்டேன். கர்டர் போட்டது இரண்டாவதற்கு.

2 ஜூலை

கொடைக்கானலிலிருந்து ஒருவர், அடுப்புப் புகையை ஒரேயடியாக எதிரியாக்காதீர்கள், பூம்பாறைப் பக்கத்தில் மலைப்பூண்டைக் கட்டுக் கட்டாகப் புகையில் தொங்கவிட்டுத்தான் பாதுகாக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு அது. ஆனால் அவர் சொல்வது எனக்கே ஆதரவு: புகையைத் தேக்கி வைத்துப் பயன்படுத்தச் சுவரும் பரணும் வேண்டும். எங்கள் கூடத்தின் திரைச்சீலைகளைப் பூண்டு போலப் பாதுகாக்க எனக்கு ஆசையில்லை.

3 ஜூலை

கரடியைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். கீழ்நாட்டு நண்பர்கள் கதை விடுகிறேன் என்பார்கள். கோத்தகிரி, குன்னூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். இரவில் கரடி எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் வரும். கோயில் விளக்கு எண்ணெய்க்காகக் கதவை உடைத்திருக்கிறது, டீக்கடைகளை உடைத்திருக்கிறது.

2021 நவம்பரில் எங்கள் பின்கதவு உடைந்தது. இரவு இரண்டு மணி. மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்ததால் கதவு உடைந்த சத்தமே கேட்கவில்லை; எண்ணெய்த் தகரம் தரையில் உருளும் சத்தம்தான் கேட்டது. படுக்கையறைக் கதவைத் திறந்து பார்த்தேன். கூடத்தின் மறுகோடியில், என் மனைவி விருந்தாளிகளைப் பார்த்துக்கொண்டு தோசை சுடுவதற்காக நான் திறந்துவிட்ட அதே இடத்தில், மேடைக்கு முன்னால் கரடி உட்கார்ந்திருந்தது. தகரத்தை இரண்டு முன்னங்கால்களாலும் பிடித்துக்கொண்டு, உள்ளே போகாத நாக்கை விளிம்பில் சுழற்றிச் சுழற்றி நக்கியது. குளிர்சாதனப் பெட்டியின் கதவு திறந்து கிடந்ததால் அந்த வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத் தெரிந்தது. எனக்கும் அதற்கும் நடுவே முப்பதடித் தரையும் ஒரு சோபாவும் மட்டுமே இருந்தன. பழைய சுவர் இருந்திருந்தால் நடுக்கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து உதவிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். தொலைபேசி கூடத்து மேசையில் இருந்தது. விடியும்வரை நாங்கள் படுக்கையறையில் கட்டிலை நகர்த்திக் கதவுக்கு அண்டை கொடுத்து உட்கார்ந்திருந்தோம்.

அது கூடத்துக்குள் வரவேயில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய், வெல்லம், நெய், புளிக்காத மாவு ஒரு பாத்திரம். போய்விட்டது.

3 ஜூலை, இரவு

"புளிக்காத மாவு" என்று எழுதியது தவறு, நவம்பரில் ஓரளவு புளித்திருந்தது என்று மனைவி திருத்துகிறார். கரடியிடம்தான் கேட்க வேண்டும்.

16 ஜூலை

கட்டபெட்டு நண்பர் தன் வரைபடத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். அதில் நான் எதிர்பார்க்காத ஒன்று இருந்தது. மனை சரிவில் இருப்பதால் கூடத்தைச் சமையலிடத்தைவிட இரண்டு படி தாழ்த்தியிருக்கிறார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீரைப் போலத் தரையோடு தவழ்ந்து தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். உங்கள் வரைபடத்தில் தாழ்ந்த இடம் கூடம், கூடத்தின் மூலையில் கணப்பு. 14.2 கிலோ உருளையை மேடைக்குக் கீழே வைக்கிறீர்கள். நான் மேற்கொண்டு விவரிக்கத் தேவையில்லை.

உருளையை வெளியே கம்பி வலைக் கதவு போட்ட மாடத்தில் வைத்துக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவாருங்கள். சமையலிடத்தில் தரை மட்டத்தில் வெளிப்பக்கமாக ஒரு காற்றுத் துளை வையுங்கள். வெளியே வைத்தால் ஜனவரியில் சுடர் தணிந்து எரியும் என்பது உண்மை. உருளைக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் முதலில் தீர்ந்துகொண்டே வர, பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கும் பியூட்டேன் மிஞ்சி, உறைபனிக் காலையில் ஆவியாக மறுக்கும். அதனால் மாடத்தைச் சமையலறைச் சுவரை ஒட்டி, காலை வெயில் விழும் பக்கம் அமைப்பது நல்லது. உருளையைச் சூடாக்கும் வேறு எந்த வைத்தியத்தையும் வீட்டில் அனுமதிக்காதீர்கள்.

21 நவம்பர் 2023

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன், மழை காரணம். ஊட்டிக்காரர்கள் ஜூன், ஜூலையில் நனைவார்கள்; எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் பெரிய மழை. பத்து நாளாக வெயில் இல்லை.

நீராவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பது சீக்கிரம், வேகுவது தாமதம். சமவெளியில் திறந்த பாத்திரத்தில் வேகும் பருப்பு இங்கே இன்னும் நெடுநேரம் கொதித்தால்தான் மசியும். அத்தனை நேரமும் ஆவி வெளியேறிக்கொண்டிருக்கும். குக்கர் இதைக் குறைக்கிறதே தவிர, குளிக்க வெந்நீர், ரசம், இட்லிப் பானை என்று வீட்டில் எப்போதும் ஏதோ ஒன்று கொதிக்கிறது. அந்த ஆவி குளிர்ந்த சுவரையும் கண்ணாடியையும் தொட்டவுடன் தண்ணீராகிவிடும். சுவர் இல்லாமல் இருந்த ஆறு வருடமும் கூடத்துச் சன்னல்களில் மாலையில் நீர் வழியும். பேரன் அதில் விரலால் ரயில் வரைவான். ரயில் அழகுதான். புத்தக அலமாரியின் பின்பலகையில் பச்சையும் கருப்புமாகப் பூஞ்சணம் பூத்தது அழகில்லை. கம்பளிச் சட்டைகள் நெடியை எப்படி இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது கருவாடு வறுத்த மறுநாள் பேருந்தில் ஏறியபோது, பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறிடம் போனதில் எனக்குத் தெரிந்தது.

இன்று, தடுப்புக்கு இந்தப் பக்கம் கூடத்துக் கண்ணாடி காய்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் சமையலறைக் கண்ணாடி வழிகிறது. துடைப்பதற்கு அங்கே ஒரு பழைய துண்டு தொங்குகிறது.

22 நவம்பர்

தடுப்பு எப்படி இருக்கிறது என்று எழுதாமலே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன். பழைய சமையலறைச் சுவர் இருந்த இடத்தில் இல்லை; கூடத்தை ஒட்டி, கர்டருக்கு நேர் கீழே, தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை செங்கல், அதற்கு மேலே சட்டமிட்ட கண்ணாடி, நடுவில் தாழ்ப்பாளோடு ஒரு கதவு. சமையலும் சாப்பாட்டு மேசையும் உள்பக்கம் ஒன்றாக. கூடமும் கணப்பும் வெளிப்பக்கம். சிம்னி ஓடும்போது காற்று வர, சமையலறைப் பக்கத்து வெளிச்சுவரில் சிறிய துளை உண்டு. மனைவி இப்போதும் கூடத்தைப் பார்க்கிறார். பேச்சு கேட்காது, கதவைத் திறந்தால் கேட்கும். பாதி நேரம் திறந்துதான் இருக்கிறது. தாளிக்கும்போதும் கரடிக்காலத்து இரவுகளிலும் மூடுகிறோம். குளிர்காலத்தில் நாங்கள் உண்மையில் வாழ்வது அந்த மேசையைச் சுற்றித்தான். கூடத்துக்குப் போவது விருந்தாளி வந்தால்.

கரடி கண்ணாடியை உடைக்காதா என்று கேட்காதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் கம்பி இருக்கிறது.

9 ஜனவரி 2024

கட்டபெட்டு வீட்டின் மாற்றிய வரைபடம் வந்திருக்கிறது. கூடம் இரண்டு படி கீழேயே இருக்கிறது. ஆனால் நடுவில் தடுப்புச் சுவர் வந்திருக்கிறது, உருளை வெளியே போயிருக்கிறது, சாப்பாட்டு மேசை அடுப்பின் பக்கம் சேர்ந்திருக்கிறது. மாமியார் ஒப்புக்கொண்டாராம். ஒரே ஒரு குறை: கதவு சமையலறைக்குள் திறக்கிறது, மேசை நாற்காலியில் இடிக்கும். கூடத்தின் பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லுங்கள்; கையில் சாம்பார்ச் சட்டியோடு வருபவர் முழங்கையால் தள்ளித் திறக்க வேண்டும்.

9 ஜனவரி, இரவு

மேசைதான் உள்ளேயே இருக்கிறதே, சாம்பார் எதற்குக் கூடத்துக்குப் போகிறது என்று மனைவி கேட்கிறார். காபித் தட்டு என்று திருத்திப் படிக்கவும். கூடத்துப் பக்கம் திறந்தால் அந்த இரண்டு படியின் மேல் கதவு வந்து நிற்கும் என்பதையும் நான் இப்போதுதான் பார்க்கிறேன். பக்கவாட்டில் நகரும் தள்ளு கதவு போட்டுவிடுங்கள்.